பரிகாரம் டீச்சர்

ராசிங்காபுரத்தில் இன்றைக்கும் என்னைப் ‘பரிகாரம் டீச்சர்’ என்று சொல்கிற வீடுகள் ஐந்தாறாவது இருக்கும். எனக்குச் சோசியம் தெரியாது. கட்டத்தில் எது ராகு எது கேது என்று காட்டினால்கூட முழிப்பேன். போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன், அவ்வளவுதான். இந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவதி என் மாமியார்.

கல்யாணமாகி வந்த முதல் வருடம். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, “என்ன பாடம் தாயி?” என்று கேட்டார்.

“பரிணாமம் அத்தை.”

“பரிகாரமா? அடி ஆத்தி, பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுக்காகளா? நல்லதாப் போச்சு. பொம்பளப் பிள்ளைகளுக்கு அது தெரிஞ்சிருக்கணும்ல.”

அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். தெரிந்த வார்த்தையாக மாற்றிக் கேட்கும் என்பதுதான் சிக்கல். நான் “பரிகாரம் இல்ல அத்தை, பரிணாமம், ணா, மம்” என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவர், “ஆமா, அதான்” என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு அம்மா மஞ்சப்பையில் மகள் ஜாதகத்தோடு வந்து நின்றார். செவ்வாய் தோஷமாம், வருகிற வரனெல்லாம் தட்டிப்போகிறதாம். அத்தை கதவோரம் நின்று, எங்க வீட்டுப் படிப்பைப் பார் என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி உடைப்பது? ஜாதகத்தைப் பிரிக்காமலே, “பொண்ணு என்ன செய்யிது?” என்று கேட்டேன். நர்சிங் படிக்கிறாள் என்றார்கள். “படிப்பு முடியிற வரைக்கும் ஜாதகத்தை வெளிய எடுக்காதீங்க, அதுதான் செய்ய வேண்டியது” என்றேன். அந்தப் பெண் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், கூட வேலை பார்த்த பையன் வீட்டிலிருந்தே பெண் கேட்டு வந்தார்கள். என் புகழ் ஊரில் வேர்விட்டது அப்படித்தான். அதற்குப் பிறகு எத்தனை ணாவும் மம்மும் சொல்லி என்ன பிரயோசனம்?

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்து ரசிக்கிற ஆள். ஏலத்தோட்டக்காரர். விடியும் முன்னே போடிக்குப் போய் ஜீப்பு பிடித்து, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கச் சரிவில் இருக்கிற எங்கள் மூன்று ஏக்கருக்குப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்புவார். கேலி பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் பிறந்தது குரங்கணி. பாடம் பரிணாமம். இது போதாதா அவருக்கு? பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் அவர் சொல்கிற வசனம் ஒன்று உண்டு:

“மனுசன் குரங்குல இருந்து வந்தான்னு நான் நம்ப மாட்டேன். ஆனா எம் பொண்டாட்டி குரங்கணியில இருந்து வந்தவ. அதை எப்படி இல்லேங்கிறது?”

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நூறாவது தடவை கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன்.

இவருக்குத் தனியாக ஒரு சித்தாந்தமும் இருந்தது. “மொதல்ல மீனு, அப்புறம் ஆமை, அப்புறம் பன்னி, அப்புறம் பாதி மிருகம் பாதி மனுசன், அப்புறம் குள்ள மனுசன், அப்புறம் முழு மனுசன். பெருமாளு பத்து அவதாரத்துல முடிச்சதை உங்க ஆளு பெரிய புத்தகமா எழுதியிருக்காரு, அம்புட்டுத்தான டீச்சரு?” என்பார். என்னை வீட்டிலும் டீச்சரு என்றுதான் கூப்பிடுவார். ஆமைக்கும் பன்றிக்கும் நடுவில் எத்தனை கோடி வருடம், எத்தனை உயிர் என்று நான் ஆரம்பித்தால், “எல்லாத்துக்கும் அவதாரம் எடுத்தா பெருமாளு எப்பத்தான் தூங்குறது?” என்று எழுந்து போய்விடுவார்.

உங்க ஆளு என்றது பாடப் புத்தகத்தில் இருக்கிற வெள்ளைத் தாடிக்காரரை. அத்தை ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். நீளத் தாடி, ஏறுநெற்றி, ஆழத்தில் கிடக்கிற கண்.

“இவரு எந்த ஊருச் சாமியாரு?”

“வெளிநாட்டுக்காரர் அத்தை. செடி கொடி, பூச்சி, பறவை எல்லாம் எப்படி இத்தனை விதமா ஆச்சுன்னு வாழ்நாள் பூரா யோசிச்சவர்.”

“அதைத்தான தாயி நம்ம சித்தருகளும் யோசிச்சாக” என்று படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் தாடிச் சாமி. நான் தடுக்கவில்லை. அந்த மனுசனை உலகத்தில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், ஒரு வீட்டிலாவது கும்பிடட்டுமே என்று விட்டுவிட்டேன்.

குரங்கு விஷயத்தை மட்டும் விடவில்லை. “குரங்கு நமக்குத் தாத்தா கிடையாது அத்தை. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா. ஒரு பிள்ளை வழி இப்படி வந்துச்சு, இன்னொரு பிள்ளை வழி அப்படிப் போச்சு” என்றேன்.

அத்தை விரல்விட்டு வழி பிரித்துப் பார்த்தார். “அப்ப பங்காளி.”

“ஆமா அத்தை! பங்காளிதான்!” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு அரை நாள் நடத்தினாலும் ஏறாதது இவருக்கு ஒரே வார்த்தையில் ஏறிவிட்டதே!

“அதான் வருசா வருசம் தோட்டத்துக்குள்ள புகுந்து பங்கு கேக்குது” என்றார் அத்தை.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தாலும், எனக்குள்ளே ஒரு கோணல் இருந்தது. காலையில் குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசி, பிள்ளைகள் எல்லாம் பாஸாக வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டுவிட்டுப் போடி பஸ்சு ஏறுவேன். வகுப்பில் போய், இந்த உலகத்து உயிரெல்லாம் யாரும் உட்கார்ந்து செய்யாமல் தானாக மாறி மாறி வந்தது என்று நடத்துவேன். ஒரு வருடம் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், நெத்தியில துன்னூறு பூசிட்டு வந்து இதை நடத்துறீங்களே, நீங்க எதை நம்புறீங்க?” என்று கேட்டாள். துடுக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரீட்சைக்கு வேண்டியதை மொதல்ல எழுது.” அப்படிச் சொன்னதும் எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அவள் உட்கார்ந்து எழுதினாள். கேள்வி என்னோடு பஸ்சு ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சரிவைத் திருத்தியவர் என் மாமனார். நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் நாள் ஒரு பலா மரத்தடியில் கல் ஒன்றை நட்டு, பக்கத்திலேயே முதல் ஏலத்தட்டையை வைத்திருக்கிறார். தட்டை என்றால் கிழங்கோடு பிரித்தெடுக்கிற தண்டு. ஏலத்தை விதை போட்டும் வளர்க்கலாம், தட்டை பிரித்து வைத்தும் வளர்க்கலாம். அந்த முதல் தட்டை கிளைத்துக் கிளைத்துத் தூராகி நன்றாகக் காய்த்தது. அதிலிருந்து பிரித்து அடுத்தது, அதிலிருந்து பிரித்து அதற்கடுத்தது என்று மூன்று ஏக்கரும் அந்த ஒரே செடியால் நிரம்பியது. அதற்குப் பெயர் சாமிச் செடி. வேறு தோட்டத்துத் தட்டை எதுவும் எங்கள் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்பது மாமனார் வைத்த சட்டம். காய் எடுக்கத் தொடங்குகிற நாளில் முதல் கைப்பிடி அந்தக் கல்லுக்குத்தான்.

ஒரு வருடம் ஆடி மழை நிற்காமல் பெய்தது. சரம் சரமாகக் காய் அழுகியது. தண்டு பழுத்து அடியோடு சாய்ந்தது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், மழை கழுவிக்கொண்டு போனது. போகட்டும், அடுத்த வருடம் சரியாகும் என்று இருந்தோம். அடுத்த ஆடியிலும் அதே கதை. சுற்றியிருந்த தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனது. எங்களுக்குச் சரிவு முழுக்கப் பழுத்து நின்றது. பலா மரத்தடியில் இருந்த தாய்த்தூர்கூடப் பாதி போய்விட்டது.

என் வீட்டுக்காரர் கேலி பேசுவதை நிறுத்தினார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனார். சொந்தக்காரர் ஒருவர் அவர் வாயைக் கிண்டுவதற்காகவே, “என்ன மாப்ளே, குரங்கணிக் கதை ஒண்ணும் வரலையே?” என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தோட்டம் போனால் போகட்டும், என் சம்பளம் இருக்கிறது, கஞ்சி குடித்துக்கொள்ளலாம். இந்த மனுசன் அந்தத் தோட்டத்தோடு போய்விடுவார் போலிருந்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இன்னொரு ஆடிக்கு அந்தச் சரிவு தாங்காது, இவரும் தாங்க மாட்டார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை நானும் அவரோடு மேலே போனேன். எங்கள் ஸ்டோருக்கு, அதாவது காய் உலர்த்துகிற அறைக்கு, பின்னால் ஒரு குப்பைமேடு. காயைக் கழுவும்போது வெடித்ததையும் பூச்சி அரித்ததையும் அங்கேதான் வீசுவார்கள். அந்தக் குப்பையில் ஒரு ஏலத்தூர் நின்றது. யாரும் வைக்கவில்லை, யாரும் உரம் போடவில்லை. கொட்டின விதையில் தானாக முளைத்து நாலைந்து வருடமாக நிற்கிற செடி. ஆள் உயரத்துக்கு மேல் கருகருவென்று நின்றது. ரெண்டு ஆடியையும் பார்த்துவிட்டு, ஒரு இலை பழுக்காமல்!

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியதை நேரில் பார்க்கிறேன். தட்டையிலிருந்து வருவது அதே செடி. விதையிலிருந்து வருவது பிள்ளை. தேனீ எந்தத் தோட்டத்துப் பூவிலிருந்து எதைக் கொண்டுவந்து சேர்த்ததோ, பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு விதம். அந்தக் குப்பையில் நூறு முளைத்திருக்கும், தொண்ணூற்றொன்பது செத்திருக்கும், இது நின்றிருக்கிறது.

“என்னங்க, இந்தச் செடியப் பாருங்க.”

“அது குப்பைச் செடி.”

“ரெண்டு ஆடியத் தாங்கி நிக்குது. இதுல இருந்து தட்டை பிரிச்சு வைப்போம்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “குப்பையில மொளைச்சதக் கொண்டாந்து, எங்கப்பா வச்ச சாமிச் செடியப் புடுங்கிட்டு அந்த இடத்துல வைக்கச் சொல்றியா?”

“மூணு ஏக்கரும் ஒரே செடிங்க. ஒண்ணுக்கு வர்ற நோவு எல்லாத்துக்கும் வரத்தான் செய்யும்.”

“சாமி பாத்துக்கிரும். நீ பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க.”

அன்றைக்கு டீச்சரு என்று சொல்லவில்லை. ஜீப்பில் இறங்கி வரும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் சண்டை மறுபடி மூண்டது. என் வாயிலிருந்து ஒன்று தெறித்தது. “சாமி பாத்துக்கிரும்னு சொல்றீங்கள்ல. அந்தக் குப்பையில ஒண்ண நிக்க வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறது சாமியா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் வந்தது. சொன்ன பிறகுதான், அந்த முதல் பெஞ்சுப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒருவேளை இதுவோ என்று தோன்றியது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அத்தை அத்தனை நேரமும் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மகன் போனதும் மெதுவாக, “ஏ தாயி, அந்தக் குப்பைச் செடி நெசமாவே நிக்குமா?” என்று கேட்டார்.

“நிக்கும்னுதான் தோணுது அத்தை. சத்தியம் பண்ண முடியாது.”

“உங்க தாடிச் சாமி என்ன சொல்றாரு?”

“எது தாங்குதோ அதுதான் நிக்கும்கிறார்.”

“இதுக்கா அம்புட்டுப் பெரிய தாடி? இதை நானே சொல்வனே” என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய் மகனிடம், “ரெண்டு பேரும் அடிச்சுக்காதீக. சாமிகிட்டயே பூக்கட்டிக் கேட்ருவோம். சாமி சொல்றதுக்கு நீயும் கட்டுப்படணும், அவளும் கட்டுப்படணும்” என்றார். என் வீட்டுக்காரர் உடனே சரி என்றார்.

நானும் சரி என்றேன். வேறென்ன சொல்ல? பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு, வீடு கட்ட, வழக்குப் போட எல்லாவற்றுக்கும் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவளுக்குத்தான் அந்தப் பாதி பெரிதாகத் தெரியும்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு சொல்லிவிட்டு மூவரும் மேலே போனோம். மழைக்கு முன்னால் நடவு போட்டாக வேண்டும். வீட்டுக்காரர் முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லை. அத்தை வீட்டிலிருந்தே நந்தியாவட்டையும் செவ்வரளியும் முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, சூடம் ஏற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழை இலைத் துண்டில் இரண்டு பொட்டலம் மடித்து நாரால் கட்டினார். ரெண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. சின்னப் பிள்ளை எடுத்தால் நல்லது என்பார்கள். மலையில் அன்றைக்குப் பிள்ளை ஏது? தோட்டத்தில் வேலை பார்க்கிற, மலையாளம் கலந்து பேசுகிற ஒரு சேச்சியைக் கூப்பிட்டோம். “அய்யோ, எனக்குப் பேடி” என்று அவர் பின்வாங்கினார். “பயப்படாத, கண்ண மூடிட்டு வெரசா எடு” என்றார் அத்தை.

சேச்சியின் கை நீண்டபோது விலங்கியல் முதுகலைப் பட்டம் வாங்கிய நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கண்ணை இறுக்கி மூடி, ‘சாமி, வெள்ளை வரணும், வெள்ளை மட்டும் வந்துட்டா என் முடியில மூணு விரக்கடை உனக்குப் பூமுடி குடுக்கிறேன், என் புருசனக் காப்பாத்து’ என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தாடிச் சாமி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

வெள்ளை.

என் வீட்டுக்காரர் கல்லுக்கு முன்னால் அப்படியே விழுந்தார். “அப்பா, உத்தரவு குடுத்துட்டியே” என்று வாய்விட்டு அழுதார். ரெண்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வந்தது. நானும் அழுதேன். அத்தை மட்டும் அழவில்லை. “போதும், எந்திரி. மேகம் கட்டுது, வெரசாக் குழியப் பாரு” என்றார்.

அவரும் சேச்சியும் மண்வெட்டி எடுக்கப் போனார்கள். இன்னொரு பொட்டலம் கல்லடியிலேயே கிடந்தது. அத்தை குனிந்து அதை எடுக்கப் போனார். “உங்களுக்கு ஏன் அத்தை, நான் ஓடையில போட்டுட்டு வர்றேன்” என்று நான் முந்திக்கொண்டு எடுத்துப் போனேன். உதவி செய்யத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் இருபது வருடமாக லேபில் நின்ற கை அது. ஓடைக்கரையில் உட்கார்ந்ததும் தானாக நாரை அவிழ்த்தது.

உள்ளே நந்தியாவட்டை. இலை ஈரத்தோடு, வெள்ளை வெளேரென்று.

புரட்டிப் பார்த்தேன், சிவப்பு ஒன்றுகூட இல்லை. சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, அந்த மனுசன் அப்படி அழுதாரே என்று. பிறகு பயம் வந்தது, சாமி முன்னால் இப்படிச் செய்யலாமா என்று. எனக்குத்தான் இத்தனை பயம் என்பதை நினைத்தபோது மறுபடியும் சிரிப்பு வந்தது. பூவைத் தண்ணீரில் விட்டேன். திரும்பிப் போய் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கினேன்.

குப்பைச் செடியிலிருந்து நாற்பது தட்டைக்குமேல் கிடைக்கவில்லை. நாற்பதையும் வைத்தோம். அந்த ஆடி மழை முந்திய ரெண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி பெய்தது. ஒவ்வொரு நாளும் அவர் இறங்கி வருகிற நேரம் நான் முகத்தைத்தான் பார்ப்பேன். மழை விட்ட பிறகு எண்ணினால் முப்பத்தேழு நின்றது. அன்று ராசிங்காபுரம் டீக்கடையில் அவர், “மனுசன் எங்கிருந்து வந்தான்னு எனக்குத் தெரியாதுண்ணே. எங்க ஏலம் குப்பையில இருந்து வந்துச்சு, எம் பொண்டாட்டி குரங்கணியில இருந்து வந்தா. ரெண்டும் நல்லா நிக்குது” என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பழைய கேலியை அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் கேட்டதில்லை.

பூமுடி கொடுத்தேன். பூ திருட்டுப் பூவாக இருந்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தானே. ஆவணியில் குலசாமி கோயிலுக்குப் போனபோது கொடுத்தேன். அத்தை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இதற்குள் என் வீட்டுக்காரர் அந்தச் செடிக்குக் குப்பைச் சாமி என்று பெயர் வைத்து, இனிமேல் அந்தச் செடியைத் தவிர வேறெதையும் தோட்டத்துக்குள் விடக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டுவிட்டார். எனக்குத் தலை சுற்றியது. மறுபடியும் ஒரே செடியா? அழாக் குறையாக எடுத்துச் சொல்லி, வேறு தோட்டங்களில் தாக்குப்பிடித்த தட்டை கொஞ்சம், விதைக் கன்று கொஞ்சம், மிச்சமிருந்த சாமிச் செடியும் கொஞ்சம் என்று கலந்து வைக்க ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. கொல்லையில் உட்கார்ந்து நானும் அத்தையும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் மேலே போயிருந்தார். அவர் படிப்பது ஏலக்காய் விலை வருகிற வாட்ஸ்அப் ஒன்றுதான், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

“அத்தை, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான இருந்துச்சு?”

அவர் கை நிற்கவில்லை. “பிரிச்சுட்டியா?”

“பிரிச்சேன்.”

“எடுக்க வந்தப்பவே நெனைச்சேன். நீ சும்மா இருக்க மாட்டியேன்னு.”

“சாமிகிட்டப் போய் இப்படிச் செய்யலாமா அத்தை?”

“சாமி என்ன சொன்னாலும் நான் கேப்பேன் தாயி. இந்த வயசு வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அன்னிக்கு அது தப்பாச் சொல்லிறக் கூடாதுல்ல. எம் மகன் சோறு திங்காம கெடக்கான்.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். “ஆமா, நீ எதுக்கு முடி குடுத்த?”

சொன்னேன். வெள்ளை வரணும் என்று வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

அத்தை உரித்துக்கொண்டிருந்த மொச்சையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அடியே, ரெண்டும் வெள்ளைன்னு எனக்குத் தெரியும். தெரியாம நீ முடிய வேற குடுத்திருக்க! இம்புட்டுப் படிச்சு!” என்று என் தொடையில் அடித்தார். பிறகு முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொச்சையைத் தேடி எடுத்தார்.

“நீயி பள்ளிக்கூடத்துல பரிகாரம் நடத்துற. நான் மலையில ஒண்ணு நடத்துனேன். அம்புட்டுத்தான். அவங்கிட்டச் சொல்லிப்புடாத.”

ணா, மம் என்று திருத்த இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை. சரி அத்தை என்றேன்.